இடது காதில் மெலிந்த தப்பு: இயர்போன் பொருத்தம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

முறைப்பாடு

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் கந்தப்பளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கும் இளைஞர் ஒருவர், மாசி மாதத்தில் தம் தோட்டத்திலும் அயல் தோட்டங்களிலும் ஆடப்படும், ரதி மன்மதன் கதையைச் சொல்லும் காமன் கூத்தை ஒலிப்பதிவு செய்து, கணினியில் சீராக்கி, கூத்துக் குழுவினருக்கும் வெளிநாடு சென்றிருக்கும் உறவினர்களுக்கும் அனுப்பி வருகிறார். தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயன் வீடுகளின் நடுச்சுவர் ஒலியைத் தடுப்பதில்லை என்பதால் இரவில் ஸ்பீக்கரில் வேலை செய்ய அவரால் முடிவதில்லை. காதுக்குள் செருகும் இயர்போன் ஒன்றே அவருடைய ஒலிக்கூடம். அந்த இயர்போனைப் பற்றி அவர் சொன்ன குறை இதுதான்: இடது காதில் தப்பு என்னும் பறையின் கனம் இல்லை, அடி விழும் சத்தம் மட்டும் மெலிதாகக் கேட்கிறது, வலது காதில் ஓரளவு சரியாக இருக்கிறது, தாளம் என்னும் கைத்தட்டுகளின் ஓசையோ இரு காதுகளிலும் தாங்க முடியாதபடி உறுத்துகிறது.

கேட்பவருடைய சிரமத்தோடு நின்றுவிடக்கூடிய குறையாக இது இருக்கவில்லை. தம் காதில் விழுந்ததை நம்பி, குறைந்ததைக் கூட்டியும் கூடியதைக் குறைத்துமே அவர் பதிவுகளைச் சீராக்கியிருந்தார். 100 ஹேர்ட்ஸை அண்டிய தாழ்ந்த ஒலிப் பகுதியைத் தாராளமாக ஏற்றியிருந்தார். இடது பக்கத்தை வலது பக்கத்தைவிட உயர்த்தியிருந்தார். 8000 முதல் 9000 ஹேர்ட்ஸ் வரையான உயர்ந்த ஒலிப் பகுதியை ஆழமாக வெட்டியிருந்தார். அந்தப் பதிவு தனியார் பஸ் ஒன்றில் ஒலித்தபோது தப்பு ஸ்பீக்கர் பெட்டியை அதிரவைத்தது, தாளம் மங்கியது, ரதியும் மன்மதனும் தர்க்கம் செய்யும் பாடலில் ஒரு வரிகூடத் தெளிவாகக் காதில் ஏறவில்லை. கூத்து மாஸ்டர் அவரிடம், "தம்பி, பாட்டு ஒன்னும் வெளங்கலையே, தப்பு மட்டும்தான் இடிக்குது" என்று வருத்தப்பட்டிருக்கிறார். தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வந்த பாடல்கள் அவை. பல தோட்டங்களில் முழுமையாகப் பாடத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான் எஞ்சியிருக்கின்றனர். அவர்களுடைய சொற்கள் பதிவில் அமுங்கிப்போவதைச் சிறிய தொழில்நுட்பக் கோளாறு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

என்னிடம் வருவதற்கு முன்னர் அவர் பல வழிகளை முயன்று பார்த்திருந்தார். வாங்கிய கடையில் இயர்போனை மாற்றிக் கேட்டபோது வேறொன்றைக் கொடுத்தார்கள். அதிலும் அதே குறை. விலை கூடியதை வாங்கினால் சரியாகும் என்றார்கள். அதையும் வாங்கினார், இடது காது அப்படியே இருந்தது. சிறுவயதில் குத்திய காது புண்ணாகிச் சீழ்வைத்ததால் வந்த வினை என்று வீட்டில் ஒருவர் சொல்லியிருக்கிறார். காது குத்துவது மடலின் தொங்கும் சோணையில். இயர்போன் ஒலியில் அந்தப் பகுதிக்குப் பங்கே இல்லை என்பதை முதலில் சொல்லி அவருடைய கவலையைத் தீர்க்க வேண்டியிருந்தது.

காதின் அமைப்பு

கோயில் திருவிழாக்களுக்கும் மேடை நிகழ்ச்சிகளுக்கும் ஒலியமைப்புச் செய்பவன் என்ற முறையில், இத்தகைய முறைப்பாடு வரும்போது நான் முதலில் பார்ப்பது காதையே. இயர்போன் என்பது பாதி செய்யப்பட்ட கருவி; மீதிப் பாதியை அதை அணிபவரின் செவிக்குழாய் செய்து முடிக்கிறது. அந்த மீதிப் பாதி ஆளுக்கு ஆளும், ஒரே ஆளில் காதுக்குக் காதும் வேறுபடுகிறது.

வளர்ந்தவர் ஒருவரின் செவிக்குழாய் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் நீளமும் 7 மில்லிமீற்றர் அளவு விட்டமும் கொண்டது. இது சராசரி, தனியாட்களில் நீளமும் அகலமும் பல மில்லிமீற்றர் கூடியோ குறைந்தோ இருக்கும். குழாய் நேரானதன்று. வாயிலிருந்து செவிப்பறைவரை இரண்டு வளைவுகளைக் கடந்து செல்கிறது. வெளிப்புறமுள்ள மூன்றிலொரு பங்கு குருத்தெலும்பால் ஆனது. அங்கே தோல் தடித்திருக்கும், மயிரும் மெழுகுச் சுரப்பிகளும் இருக்கும். உட்புற மூன்றில் இரண்டு பங்கின் சுவர் எலும்பு. அதன்மேலுள்ள தோல் மிக மெல்லியது, சற்றுத் தொட்டாலும் நோகக்கூடியது. குறுக்குவெட்டும் வட்டமாக இருப்பதில்லை, பெரும்பாலானோரில் நீள்வட்டமாகவே இருக்கிறது. ஆனால் இயர்போனின் நுனியில் மாட்டுவதற்கென்று கடைகளில் விற்கப்படும் ரப்பர் முனைகள் பெரும்பாலும் வட்டமானவை. வட்ட முனை நீள்வட்டக் குழாயின் அகலமான பக்கத்தைத் தொடும்படி விரிய வேண்டும், குறுகலான பக்கத்தில் மடியாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒருங்கே நிகழாத காதுகள் ஏராளம்.

முனை குழாயை முழுமையாக அடைத்துவிட்டால், அதற்கும் செவிப்பறைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கன சென்ரிமீற்றர் அளவு காற்று சிறைப்படுகிறது. தாழ்ந்த மீடிறன்களில் (மீடிறன் என்பது செக்கனுக்கு எத்தனை அதிர்வுகள் என்ற கணக்கு, ஹேர்ட்ஸ் அதன் அலகு) இயர்போனின் சவ்வு முன்னும் பின்னும் அசையும்போது இந்தச் சிறு கனவளவு முழுவதும் ஒன்றாக அமுங்கி விரிகிறது. அந்த அமுக்க மாற்றம் நேராகச் செவிப்பறையைச் சேர்கிறது. சில மில்லிமீற்றர் அகலமே உள்ள சவ்வு ஆழமான பேஸ் ஒலியைத் தர முடிவது இதனால்தான். எங்காவது ஓர் இடைவெளி விழுந்தால் நிலைமை மாறுகிறது. 50 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அதிர்வுக்கு 20 மில்லிசெக்கன் செல்கிறது. அந்த அவகாசத்தில் காற்று இடைவெளிவழியே வெளியேறிவிடுவதால் உள்ளே அமுக்கம் சேர்வதில்லை. உயர்ந்த மீடிறன்களில் அசைவு மிக விரைவானது. இடைவெளியில் உள்ள காற்றின் திணிவே அங்கே தடையாக நிற்பதால் ஒலி வெளியே கசிவதில்லை. ஆகவே பொருத்தம் தளர்ந்த இயர்போனில் ஒலி முழுவதும் ஒரே அளவில் குறையாது. கீழ்ப்பகுதி மட்டும் கரைந்துபோகும், மேற்பகுதி அப்படியே நிற்கும். ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை ஒன்று இருந்தாலே சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே கணிசமான இழப்பு ஏற்படும். தப்பின் நடுவில் விழும் அடியின் கனம் இருப்பது அந்தப் பகுதியில். விரலும் குச்சியும் தோலில் படும் சத்தம் இருப்பது அதற்கு மேலே. இளைஞர் சொன்ன குறையும் இதற்கு அப்படியே பொருந்தியது.

உயர்ந்த மீடிறன்களில் காது வேறு விதமாகத் தலையிடுகிறது. ஒரு முனை திறந்தும் மறுமுனை மூடியும் இருக்கும் குழாய், தன் நீளத்தின் நான்கு மடங்கு அலைநீளமுள்ள ஒலிக்குப் பரிவுறும், அதாவது அந்த ஒலியை மிகைப்படுத்தும், என்பதை உயர்தரப் பௌதிகவியல் மாணவர் அறிவர். திறந்த காதில் இந்தப் பரிவு 3000 ஹேர்ட்ஸை அண்டி நிகழ்கிறது; காதுமடலின் குழிவும் சேர்ந்து அந்தப் பகுதியை 15 டெசிபலுக்கும் மேலாக உயர்த்திவிடுகிறது. பிறந்த நாள் முதல் இந்த உயர்வோடுதான் நாம் எல்லாவற்றையும் கேட்கிறோம். ஆகையால் அது நமக்கு உயர்வாகவே தெரிவதில்லை. இயர்போன் குழாயின் வாயை அடைத்ததும் அந்தப் பரிவு இல்லாமற்போகிறது. உற்பத்தியாளர்கள் அதை ஈடுசெய்ய 3000 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு மேட்டைத் தாங்களே சேர்க்கிறார்கள், ஆனால் சராசரிக் காதுக்கு ஏற்றபடி. குழாயின் இரு முனைகளும் மூடிவிட்டதால், எஞ்சிய நீளத்தின் இரண்டு மடங்கு அலைநீளமுள்ள ஒலிக்குப் புதிதாக ஒரு பரிவு பிறக்கிறது. முனையின் நுனிக்கும் செவிப்பறைக்கும் இடையே 20 மில்லிமீற்றர் இருந்தால் அது 8500 முதல் 9000 ஹேர்ட்ஸ் வரையில் விழும். 15 மில்லிமீற்றராகக் குறைந்தால் 11,500 ஹேர்ட்ஸை அண்டி நகர்ந்துவிடும். செருகும் ஆழத்தில் வரும் 5 மில்லிமீற்றர் வேறுபாடு, ஒரே இயர்போனை இருவேறு இயர்போன்களாக ஒலிக்கச் செய்யப் போதுமானது.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் மலைக்குக் குடிவந்த பலர் அதைக் காரணமாகக் கருதுகிறார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கே வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 81 கிலோபாஸ்கல், கடல் மட்டத்தில் 101. அடைபட்ட காற்று அதே விகிதத்தில் இளகுவதால் தாழ்ந்த ஒலி 2 டெசிபல் அளவு குறையலாம். அந்தக் குறைவு இரு காதுகளுக்கும் பொதுவானது. இடது காதை மட்டும் மெலியச் செய்ய அதனால் முடியாது.

சோதனை

கருவியையும் காதையும் பிரித்தறிவதே முதல் வேலை. இயர்போனின் இடது துண்டை வலது காதிலும் வலது துண்டை இடது காதிலும் செருகச் சொன்னேன். வடிவம் ஒத்துவராததால் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தாலும், மெலிவு இடது காதிலேயே நின்றது. துண்டோடு குறை இடம் மாறியிருந்தால் கோளாறு கருவியில் என்று கொண்டிருக்கலாம். உறுதிப்படுத்திக்கொள்வதற்காக 711 என்று தொழிலில் அழைக்கப்படும் செயற்கைக் காதின் மலிவான பிரதி ஒன்றில் இரு துண்டுகளையும் அளந்தேன். 20 ஹேர்ட்ஸ் முதல் 5000 ஹேர்ட்ஸ் வரை இரண்டுக்கும் இடையே ஒரு டெசிபலுக்கு மேல் வேறுபாடு இருக்கவில்லை. அந்த அளவுகோல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவால் 1981இல் 711 என்ற எண்ணில் வகுக்கப்பட்டு, இப்போது 60318-4 என்ற எண்ணில் வழங்குகிறது. அது வளர்ந்தவர்களின் சராசரிக் காதைப் பின்பற்றுகிறது. அதில் இயர்போன் எப்போதும் கசிவின்றி உட்காரும். வாங்குவோர் இணையத்தில் பார்க்கும் வரைபடங்கள் பெரும்பாலும் இத்தகைய உலோகக் காதில் எடுக்கப்பட்டவை. அவற்றில் 8000 ஹேர்ட்ஸ் அளவில் தெரியும் கூர்முனை பெரும்பாலும் அந்தக் குழாயின் நீளத்துக்கு உரியது. அதைப் பார்த்துவிட்டு இயர்போன் வாங்குவோரும், அதே இடத்தை வெட்டி ஒலியைத் திருத்துவோரும், தங்கள் காதில் இல்லாத ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கக்கூடும்.

அடுத்து, கைத்தொலைபேசியில் உள்ள ஒலி உண்டாக்கும் செயலியால் 500 ஹேர்ட்ஸ் ஒலியை எழுப்பினேன். இரு காதுகளிலும் சமமாக, தலையின் நடுவில் கேட்கிறது என்றார். 50 ஹேர்ட்ஸுக்கு இறக்கியதும் ஒலி முழுவதும் வலது பக்கம் சாய்ந்தது. இடது துண்டை விரலால் மெதுவாக உள்ளே அழுத்தச் சொன்னபோது கனம் திரும்பியது. விரலை எடுத்ததும் போய்விட்டது. அழுத்தாமல், காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தபோது இன்னும் நிறைவாகக் கேட்டது. வளர்ந்தவரின் மடலை அப்படி இழுத்தால் குழாயின் வளைவு நிமிர்கிறது. வளைவு நிமிர்ந்ததும் ரப்பர் சரியாக உட்காருகிறது என்றால், கசிவு வளைவின் அருகிலேயே இருக்க வேண்டும்.

கழற்றிய ரப்பர் முனையே இதற்குச் சாட்சி சொன்னது. பல வாரங்கள் பாவித்த முனையில், குழாய்ச் சுவரைத் தொடும் இடத்தைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையமாக மெழுகு படியும். வலது முனையில் வளையம் முழுமையாக இருந்தது. இடது முனையில் அது முன்பக்கமாக, ஏறத்தாழ கால்வட்டம், அறுந்திருந்தது. அறுந்த இடத்தின் இரு கரையிலும் ரப்பர் மடிந்ததன் தழும்பு வெண்கோடாகத் தெரிந்தது. அந்தக் கால்வட்டத்தில் முனை சுவரைத் தொட்டதே இல்லை. இப்படிப் பார்ப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. வெளிச்சமும் கவனமும் போதும். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய இந்தச் சோதனையை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிக்கிறேன்.

இதற்கு மேல் காதுக்குள் எதையும் செய்யுமுன் அவரை அரச வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குச் செல்லச் சொன்னேன். மெழுகு அடைத்திருந்தாலும், செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும், நடுச்செவியில் நீர் கோத்திருந்தாலும் இதே முறைப்பாடு வரலாம். அவற்றில் எதற்கும் ரப்பர் முனையில் மருந்து இல்லை. வைத்தியர் பார்த்துவிட்டு மெழுகு அடைப்பு இல்லை, செவிப்பறை நன்றாக இருக்கிறது, கேள்திறன் இரு பக்கமும் இயல்பானது, இடது செவிக்குழாய் மட்டும் வலதைவிடக் குறுகியது, அதன் முதல் வளைவும் கூர்மையானது என்று சொன்னார். நோய் எதுவும் இல்லை. பலரிடம் காணப்படும் இயல்பான வேறுபாடுதான்.

பொருத்தம்

கசிகிறது என்று தெரிந்ததும் எவரும் பெரிய முனையைத் தேடுவார்கள். இளைஞரும் நடுத்தர அளவிலிருந்து பெரியதுக்கு மாறியிருந்தார்; குறை கூடியதே தவிரக் குறையவில்லை. வாய் குறுகிய போத்தலின் மேல் பெரிய தக்கை உட்காராமல் நிற்பதுபோல, அந்த முனை வளைவுக்கு வெளியிலேயே தங்கி, தன் ஓரத்தை மடித்துக்கொண்டு, மடிப்பின்வழியே கசிந்தது. மாறாக, மிகச் சிறிய முனையை மாட்டி, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுசென்று இடது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு, மற்றக் கையால் மெதுவாகச் சுழற்றிச் செருகியபோது, முனை வளைவைக் கடந்து குறுகிய பகுதியில் போய் நின்றது. 50 ஹேர்ட்ஸ் ஒலி தலையின் நடுவுக்கு வந்தது. அவர் எதுவும் சொல்லாமல் தம் பழைய பதிவொன்றைப் போட்டுக் கேட்டுவிட்டு, தப்பு இவ்வளவு அதிகமாகவா வைத்திருக்கிறேன் என்று தம்மையே கேட்டுக்கொண்டார்.

வலது காதில் நடுத்தர முனையே சரியாக இருந்தது. இரு காதுக்கும் ஒரே அளவுதான் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பெட்டியில் முனைகள் சோடி சோடியாக வருவதுதான் காரணம் போலும். சோடியைப் பிரித்து ஒரு பக்கம் சிறியதும் மறுபக்கம் நடுத்தரமும் மாட்டுவதில் தவறு எதுவுமில்லை.

சிறிய ரப்பர் முனை நிறைவான ஒலியைத் தந்தாலும், வேலை நடுவே இரண்டு காரணங்களால் அது நழுவியது. முதலாவது தாடை. கீழ்த்தாடையின் மூட்டு செவிக்குழாயின் முன்சுவரை ஒட்டியே அமைந்திருப்பதால், வாயைத் திறக்கும்போது மூட்டு முன்னே நகர்ந்து குழாய் சற்று விரிகிறது. இளைஞர் பதிவைக் கேட்டுக்கொண்டே பாட்டை வாய்க்குள் பாடும் பழக்கமுள்ளவர். முனையின் வளையம் அறுந்திருந்ததும் முன்பக்கத்தில்தான் என்பதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். இரண்டாவது, குளிருக்காக அவர் அணியும் கம்பளித் தொப்பி. அது காதை மூடி இழுக்கப்படும்போது இயர்போன் வயரைக் கீழ்நோக்கிப் பிடித்து, துண்டைச் சிறிது சிறிதாகக் கோணச் செய்தது. வயரைக் காதுக்கு மேலாகச் சுற்றித் தொப்பிக்கு வெளியே பின்புறமாக விட்டதும் இது நின்றது. பாடுவதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டை அறிந்தவர் பதிவைச் சீராக்குவதுதானே இந்த வேலையின் உயிர்.

ஆகவே ரப்பருக்குப் பதிலாக ஃபோம் முனையைப் பரிந்துரைத்தேன். விரலால் உருட்டிச் சுருக்கிச் செருகினால், அது உள்ளே மெதுவாக விரிந்து குழாயின் வடிவத்தையே ஏற்றுக்கொள்கிறது. நீள்வட்டமாக இருந்தாலும் இடைவெளி விடுவதில்லை, தாடை அசையும்போதும் சுவரைப் பின்தொடர்கிறது. குறைகளும் உண்டு: மேல்மீடிறன்களைச் சற்று உறிஞ்சுகிறது, சில மாதங்களில் நைந்துபோகிறது, ரப்பரைவிட விலை கூடியது. குளிர்ப் பிரதேசத்துக்கே உரிய ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தை, மாசி மாதங்களின் விடியற்காலையில் ஃபோம் விறைத்துப்போகிறது. உருட்டினால் சுருங்க மறுக்கிறது, சுருங்கினாலும் விரிய நெடுநேரம் எடுக்கிறது. விரியுமுன் கையை எடுத்தால் பாதியிலேயே நின்றுவிடும். சிறிது நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து, பின்னர் உருட்டிச் செருகி, அரை நிமிடம் விரலால் பிடித்திருந்தால் போதும்.

முதன்முறை ஃபோமை ஆழமாகச் செருகியபோது அவருக்குத் தொடர்ந்து இருமல் வந்தது, பயந்துவிட்டார். செவிக்குழாயின் ஒரு பகுதிக்கு தொண்டைக்கும் செல்லும் வேகஸ் நரம்பின் கிளை வருவதால், அங்கே தொட்டால் சிலருக்கு இருமல் எழுவதுண்டு. முனையை ஒரு மில்லிமீற்றர் அளவு வெளியே இழுத்ததும் நின்றுவிட்டது. இருமலோ நோவோ வந்தால் அதுவே ஆழத்தின் எல்லை என்று கொள்ள வேண்டும். அதை மீறி உள்ளே தள்ளக் கூடாது.

தாளத்தின் உறுத்தல்

கசிவு அடைபட்டதும் தாளத்தின் உறுத்தலும் பாதி அடங்கிவிட்டது. பேஸ் இல்லாத இடத்தில் ட்ரெபிள், அதாவது உயர்ந்த ஒலி, எப்போதும் மிகையாகவே கேட்கும். இரண்டும் தராசின் இரு தட்டுகளைச் சேர்ந்தவை என்பதை ஒலியமைப்பாளர் அறிவர். எஞ்சிய பாதி, எஞ்சிய குழாயின் நீளத்தைச் சார்ந்தது. ஒலியை மெதுவாக 5000 ஹேர்ட்ஸிலிருந்து 14,000 ஹேர்ட்ஸ் வரை உயர்த்திக்கொண்டே போய், எங்கே திடீரென உரக்கிறது என்று கேட்டேன். பழைய பெரிய முனையில் 8500 ஹேர்ட்ஸை அண்டிய ஓரிடத்தை இரு காதிலும் காட்டினார். அவர் தம் பதிவுகளில் வெட்டியிருந்த இடமும் அதுவே. ஆழமாக உட்கார்ந்த முனையில் அது 10,000 ஹேர்ட்ஸைத் தாண்டிப் போயிருந்தது. தாளத்தின் ஓசையில் பலம் குறைந்த பகுதி அது என்பதால் உறுத்தவில்லை. 1991இல் வெளிவந்த எட்டிமோட்டிக் ஈஆர்-4 போன்ற இயர்போன்கள் மூன்றடுக்கு முனையோடு மிக ஆழமாகச் செல்லும்படி வடிவமைக்கப்பட்டதால், வெளிச் சத்தம் தடுக்கப்படுவதோடு இந்தப் பரிவின் இடமும் உயர்கிறது. எல்லாரும் அவ்வளவு ஆழத்தைத் தாங்குவதில்லை. இவருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

பனிக்காலக் குறை

ஒரு குறை தீர்ந்த பின்னர் மறைந்திருந்த இன்னொன்று வெளிப்பட்டது. பொருத்தம் சரியான சில நாட்களில், அதிகாலையில் வேலை செய்யும்போது இடது பக்கம் மெல்ல மெல்லத் தணிந்து, அரை மணி நேரத்தில் ஏறக்குறைய ஊமையாகிவிடுகிறது என்றார். இம்முறை கீழ்ப்பகுதி மட்டுமன்றி மேற்பகுதி முழுவதும் மங்கியது. துண்டுகளை மாற்றிச் செருகியபோது குறையும் துண்டோடு இடம் மாறியது. ஆகவே இது கசிவன்று. மதியம் அதே இயர்போன் எந்தப் பழுதும் இல்லாமல் வேலை செய்ததுதான் விடைக்கு வழிகாட்டியது.

செவிக்குழாயினுள் இருக்கும் காற்று உடலின் வெப்பத்தோடும் ஈரத்தோடும் இருக்கிறது. உலோக உடல் கொண்ட இயர்போன், யன்னலோரத்தில் இரவு முழுவதும் கிடந்து, 10 பாகை செல்சியஸை ஒட்டிய குளிரை ஏற்று, அதிகாலையில் நேராகக் காதுக்குள் போகிறது. குழாயின் நீராவி குளிர்ந்த முனைக்குழலில் பட்டு ஒடுங்கி, அங்குள்ள நுண்ணிய வலையின் கண்களில் நீர்ப்படலமாகத் தங்குகிறது. அந்தக் கண்கள் மிகச் சிறியவை என்பதால் நீரின் மேற்பரப்பு இழுவிசையே அவற்றை மூடிவிடும். ஒலி வெளியேற வழியில்லை. முன்னர் இடது பக்கம் கசிந்துகொண்டிருந்ததால் ஈரமும் கசிந்து வெளியேறியது. கசிவை அடைத்ததும் ஈரமும் உள்ளே அடைபட்டது. வலது பக்கத்திலும் இது நடந்திருக்க வேண்டும், ஆனால் அகலமான குழாயில் முனை அவ்வளவு இறுக்கமாக அடைப்பதில்லை என்பதால் அங்கே குறைவாக இருந்திருக்கலாம் என்பது என் அனுமானம்.

வலையை உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தபோது ஒரு பக்கம் பளபளப்பாகத் தெரிந்தது. உலர்ந்த துணியின் நுனியால் ஒற்றியதும் ஒலி உடனே திரும்பியது. தானாகவே சில மணி நேரத்தில் சரியாகும் அடைப்பு நீர். எவ்வளவு நேரமானாலும் சரியாகாத அடைப்பு பெரும்பாலும் மெழுகு. இந்த வேறுபாட்டை அறியாமல், நல்ல இயர்போன்களைப் பழுதென்று எறிந்துவிடுவோர் நுவரெலியாவிலும் இராகலையிலும் குறைவில்லை. இரவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பதும், செருகுமுன் சட்டைப்பையில் சிறிது நேரம் வைத்து இளஞ்சூடாக்குவதும் போதுமானவை. அடுப்பருகில் வைத்துச் சூடாக்கும் வழக்கத்தை நான் வன்மையாகத் தடுக்கிறேன். சவ்வைத் தாங்கும் பசை அந்த வெப்பத்தில் இளகிவிடும்.

ஒலியின் அளவு

மழைக்காலத்தில் லயன் வீட்டின் தகரக் கூரையில் விழும் மழையின் இரைச்சலை அறியாதவர் மலையகத்தில் இல்லை. கசியும் இயர்போனுக்குள் அந்த இரைச்சல் முழுவதும் புகுந்து, தாழ்ந்த ஒலிகளை மூடிவிடுகிறது. கேட்பவர் ஒலியைக் கூட்டுகிறார். கூட்டினாலும் பேஸ் வருவதில்லை, மேற்பகுதிதான் ஏறுகிறது. ஆகவே மேலும் கூட்டுகிறார். வளர்ந்தவருக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள பாதுகாப்பான வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. இளைஞர் மழை இரவுகளில் தொலைபேசியின் ஒலியளவை ஏறக்குறைய உச்சத்தில் வைத்தே வேலை செய்திருக்கிறார். ஃபோம் முனை மாட்டிய பின்னர் அதே மழையில் பாதியளவே போதுமானதாக இருந்தது. என் பார்வையில், இந்த நிகழ்வில் கிடைத்த மிகப் பெரிய பயன் பதிவின் தரமன்று, இதுவே.

இப்போதைய நிலை

இப்போது அவர் வலது காதில் நடுத்தர ரப்பர் முனையையும் இடது காதில் சிறிய ஃபோம் முனையையும் பாவிக்கிறார். ஃபோம் உறிஞ்சும் மேற்பகுதியை ஈடுசெய்ய இடது பக்கத்தில் மட்டும் சிறிய திருத்தம் ஒன்றைச் செய்திருக்கிறோம்; அது கேட்பதற்கு மட்டும், பதிவில் ஏறாது. வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் 50 ஹேர்ட்ஸ் ஒலியைப் போட்டு, அது தலையின் நடுவில் கேட்கிறதா என்று பார்த்துவிட்டே பதிவைத் திறக்கிறார். முந்திய பதிவுகளில் செய்த திருத்தங்கள் அனைத்தையும் நீக்கி, மூலப் பதிவிலிருந்தே மீண்டும் சீராக்கினார். பஸ்ஸில் போட்டுக் கேட்ட கூத்து மாஸ்டர், ரதியின் ஒப்பாரியில் ஓரிடத்தில் பாடகர் ஓர் அடியை விட்டுவிட்டதைக் கண்டுபிடித்துச் சொன்னார். முன்பு அந்த இடத்தில் தப்பைத் தவிர எதுவும் கேட்டதில்லை.

தீராத சிரமங்களும் உள்ளன. காது இறுக அடைபட்டிருப்பதால் பாடும்போது தம் குரலே தலைக்குள் முழங்குகிறது என்கிறார். குருத்தெலும்புச் சுவரின் அதிர்வு வெளியேற வழியில்லாமல் உள்ளே சேர்வதால் வரும் இந்த முழக்கம், முனை எலும்புப் பகுதிவரை சென்றால்தான் நன்றாகக் குறையும். அந்த ஆழத்தை அவருடைய இடது காது ஏற்கவில்லை. மலையிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு பஸ்ஸில் இறங்கும்போது இயர்போனைக் கழற்றிவிடும்படியும் சொல்லியிருக்கிறேன். இறக்கத்தில் வெளி அமுக்கம் விரைவாக உயரும்போது, அடைபட்ட குழாயிலும் நடுச்செவியிலும் அமுக்கம் சமன்படாமல் செவிப்பறை இழுபட்டு, ஒலி மங்குவதோடு நோவும் வரலாம். சளி பிடித்திருக்கும் நாட்களில் இது இன்னும் கடுமையாக இருக்கும். காதின் அச்செடுத்துச் செய்யும் முனையை அவருக்கு நான் இப்போதைக்குப் பரிந்துரைக்கவில்லை. அதன் விலைக்கு நல்ல மைக் ஒன்று வாங்கலாம். அடுத்த மாசிக் கூத்துக்கு அவருக்குத் தேவைப்படுவது அதுதான்.